ஓவர்டிரைவ் – தமிழில் என்ன? (கியர்பாக்ஸ் கையேடு, அவசரம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க மசில் கார்களில் ஐந்து கியர் மேனுவல் பெட்டி பொருத்துவது பற்றிய கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடுத்துக்காட்டு வண்டி 1969 ஷெவ்ரொலே ஷெவல். அதன் நான்கு கியர் மன்சி எம்-21 பெட்டியை இறக்கிவிட்டு ஐந்து கியர் ட்ரெமெக் டி.கே.எக்ஸ் ஏற்றுகிறார்கள். 'ஓவர்டிரைவ்' (பெட்டியிலிருந்து வெளியேறும் தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுழலும் கியர்) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்கு 'மிகையியக்கம்' என்று போட்டிருக்கிறேன். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்குக்கு 'மணிக்கூடு'. கருத்துச் சொல்லுங்கள்.

—

> இப்போதைக்கு 'மிகையியக்கம்'

வேண்டாம் ஐயா. எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பது நேரெதிர். எம்-21இல் நாலாம் கியர் 1:1. பின் அச்சு விகிதம் 4.10, டயர் விட்டம் 26 அங்குலம் என்றால், மணிக்கு 65 மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,440 சுற்று சுற்றும். ஐந்தாம் கியர் 0.68 கிடைத்துவிட்டால் அதே வேகத்துக்கு 2,340 போதும். சக்கரங்களுக்குச் செல்லும் வெளித்தண்டு, எஞ்சினிலிருந்து வரும் உள்தண்டை விஞ்சுகிறது, அவ்வளவுதான். ஆகவே 'விஞ்சுசுழல்'.

—

'சுழல்' என்றால் நீர்ச்சுழல் அல்லவா நினைவுக்கு வரும்? செலுத்துவதற்கு நம்மிடம் 'கடவுதல்' இருக்கிறது. முல்லைப் பாடல்களில் தலைவன் பாகனிடம் தேரைக் கடவச் சொல்வான். 'மிகுகடவு' என்று வைக்கலாம். வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. 'மிகை' என்ற பெயரில் தொடங்கினால் 'மிகைக்கடவு' என ஒற்று வந்தே தீரும். நாவுக்கு முன்னதே எளிது. 'கட' என்ற வேரிலிருந்தே கடத்தல், கடவை, கடவுள் எல்லாம் கிளைத்தன என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

—

கடவுள் வரை போக வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு படிப்பவருக்குக் 'கடவு' என்றதும் கடவுச்சொல்தான் தோன்றும்.

சொல்லைவிட முக்கியமானது ஒன்று. டி.கே.எக்ஸில் ஐந்தாம் கியர் 0.68, 0.72, 0.81 என மூன்று வகை. முதல் கியர் 2.87 உள்ள பெட்டியில் 0.68 அல்லது 0.81 கிடைக்கும், 3.27 உள்ளதில் 0.72. எம்-21இன் முதல் கியர் 2.20. அதை 4.10ஆல் பெருக்கினால் 9.0. பின் அச்சை மாற்றாமல் 3.27 பெட்டியை ஏற்றினால் 13.4 ஆகிவிடும். வண்டி நகர்ந்ததுமே இரண்டாவது போட வேண்டியதுதான், முதல் கியர் வீண். 2.87 பெட்டியோடு பின் அச்சையும் 3.55 ஆக்கினால் 10.2, தெருவுக்கு அதுதான் சரி. ஆனால் அப்போது 0.68 எடுத்தால் 65 மைலில் 2,030 சுற்றுதான். பெரிய கேம் (வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் தண்டு) போட்ட எஞ்சின் அங்கே திணறும். அதற்கு 0.81 (சுமார் 2,415) எடுக்க வேண்டும். ஆக, 'ஓவர்டிரைவ்' என்பது ஒரே எண் அல்ல. தேர்ந்தெடுக்க வேண்டிய விகிதம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் ஓட்டு 'விஞ்சு விகிதம்'.

—

ஒரு தடை. 1930களில் வந்த போர்க்-வார்னர் ஓவர்டிரைவ், மூன்று கியர் பெட்டிக்குப் பின்னால் பூட்டிய தனி உறுப்பு, கோள் பற்சக்கரத் தொகுதி. அதை 'விகிதம்' என்று எப்படிச் சொல்வது? விகிதத்துக்கு ஒன்று, உறுப்புக்கு ஒன்று என இரண்டு சொல் தேவை.

இன்னொன்று, 'மணிக்கூடு' கூடவே கூடாது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மணிக்கூடு என்றால் கடிகாரம். அதுவும் அந்த இடத்தில், பெட்டி பொருந்தும் துளையின் மையம் விலகியிருக்கிறதா என்று டயல் கேஜ் (முள் காட்டும் அளவி) வைத்து அளக்கும் வேலைப்படி வருகிறது, கட்டாயம் குழப்பும். கிரேங்க் தண்டோடு கேஜைப் பொருத்தி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கையில் 0.005 அங்குலத்துக்கு மேல் முள் அசைந்தால் பெட்டியை ஏற்றக் கூடாது. அப்படியே ஏற்றினால் கியர் விழ மறுக்கும், உள்தண்டுத் தாங்கி தேயும். விலகலைச் சரிசெய்ய, உறையை எஞ்சினில் இருத்தும் முளைகள் (டவல் பின்) மையம் விலகியவையாக 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில் கிடைக்கும். கேஜ் காட்டுவதில் பாதிதான் முளையின் அளவு. 0.014 காட்டினால் 0.007 முளை. கையேட்டின் மொழிபெயர்ப்பில் இந்தப் 'பாதி' விடுபட்டிருக்கிறது, தயவுசெய்து சேருங்கள்.

—

நன்றி அண்ணா, 'பாதி' சேர்த்துவிட்டேன். மணிக்கூட்டை எடுத்துவிட்டு 'கிளட்ச் உறை' என்று வைக்கிறேன். மூவர் 'விஞ்சு விகிதம்' என்கிறீர்கள், இருவர் ஓவர்டிரைவே இருக்கட்டும் என்று தனிமடல் போட்டீர்கள். தலைப்புகளிலும் அட்டவணையிலும் 'விஞ்சு விகிதம்', வேலைப்படிகளில் 'ஓவர்டிரைவ்'.

—

ஒரே நூலில் ஒரு பொருளுக்கு இரு பெயர் என்பதை நான் ஏற்கவில்லை. 'மிகுகடவு' விகிதத்துக்கும் பொருந்தும், தனி உறுப்புக்கும் பொருந்தும். அடுத்த பதிப்புக்காவது கணக்கில் வையுங்கள். 'கட' வேர் பற்றிய மடல் நாளை வரும்.