‘ஃபீல்ட்’ எங்கும் ‘புலம்’தானா?

மதிப்புக்குரிய ஐயா,

மாணவர் சொற்றொகுதியில் ‘ஃபீல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ‘புலம்’ என்றே எழுதிவிடலாம் என்ற தங்கள் முன்மொழிவை இருமுறை படித்தேன். காந்தப்புலம், மின்புலம் ஆகியவற்றை அசைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ‘புலம்பெயர்ந்தோர்’ என்று சொல்கிற நமக்குப் புலம் என்றால் நிலம் என்ற பழம்பொருளும் அந்நியமன்று. ஆயினும் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு முதலில் கைகொடுக்கும் சொல் ‘மலை’. சரிவோ சமதரையோ, தேயிலை நட்டு எல்லை வகுத்து இலக்கமிட்ட நிலத்தை நம்மவர்கள் மலை என்றே சொல்கிறார்கள். “அம்மா 5ஆம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறார்” என்னும் பிள்ளை குன்றைக் குறிப்பிடவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் தோட்டத்துரை லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடமும் ஆங்கிலத்தில் 7ஆம் இலக்க ‘ஃபீல்ட்’தான். இவ்வழக்கைக் கொச்சை என்று தள்ளிவிட்டு ‘புலம்’ என்றோ ‘வயல்’ என்றோ மட்டும் அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்றப் பொருள்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு: கல்விக்குத் துறை, ஆய்வுக்குக் களம், விளையாட்டுக்கு மைதானம், கிரிக்கெட்டில் பந்தை மறிப்பதற்குக் களத்தடுப்பு. கொழுந்து எடுப்பவர் ‘இன் த ஃபீல்ட்’, விளையாடுபவர் ‘ஒன் த ஃபீல்ட்’ என்ற வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான சிக்கல் விண்ணப்பப் படிவத்தில்தான் இருக்கிறது. பெயரும் பிறந்த திகதியும் எழுத விடப்பட்ட இடத்தைப் புலம் என்றால், பௌதிகவியலில் அச்சொல்லைக் கற்ற மாணவர் தயங்குவார். சகோதரி ஒருவர் முன்மொழிந்த ‘கட்டம்’ பேச்சுக்கு நன்று. ஆனால் கோடு மட்டும் இட்ட படிவத்தில் கட்டமே இல்லை. இருப்பிடம், பிறப்பிடம் என்பவற்றின் வழியில் ‘நிரப்பிடம்’ என்று ஆக்கினால், செய்ய வேண்டிய வேலையையும் அச்சொல்லே சொல்லிவிடுகிறது.

தரவுத்தளத்தில், நிரப்புவதைவிட எவ்வகைத் தகவல் அங்கே நிற்கிறது என்பதே முதன்மையாதலால், ‘தரவுப்புலம்’ இருக்கட்டும். அங்கே ஒருவருடைய விவரங்கள் ஒரு நிரையாக அமையும். மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நிரை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

உடுக்குறி (*) இட்டு, விடாமல் எழுதக் கேட்கும் இடங்களுக்குக் ‘கட்டாய நிரப்பிடம்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘கட்டாயம்’ சற்றுக் கடுமையாக ஒலிக்கிறது. இதைவிடப் பொருத்தமான அடை தங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.