எல்பிஜி சுடர் கணக்கு: கேன்டெராவில் பற்றவே மாட்டேன் என்கிறது

காரைக்குடிமெக்:
எங்கள் பக்கம் கல்யாணச் சமையலுக்கு வைக்கும் பெரிய கேஸ் அடுப்பு, கந்தரப்பம் சுடத் தீயைக் குறைத்தால் சுடர் பர்னருக்குள்ளே இறங்கி டப்பென்று அணைகிறது. ஏன் என்று பார்க்க கேன்டெரா என்ற எரிதல் கணக்கு மென்பொருளில் உட்கார்ந்தேன். ஜிஆர்ஐ-மெக் 3.0 என்ற வினைப் பட்டியலை வைத்து, எல்பிஜியில் இருக்கும் பியூட்டேனைக் கொடுத்தால் அப்படி ஒரு பொருளே இல்லை என்கிறது. சரி என்று ப்ரோபேன் 1, ஆக்சிஜன் 5 என்று போட்டால் சமநிலை வெப்பநிலை 3000 கெல்வினைத் தாண்டுகிறது, அதே கலவையை 300 கெல்வினில் ரியாக்டரில் (நேரம் போகப் போக வினை எப்படி நடக்கிறது என்று பார்க்கும் கணக்கு) ஓட்டினால் வெப்பநிலை அசையவே இல்லை. மென்பொருளில் கோளாறா?

தேவகோட்டையான்:
கோளாறு இல்லை. நைட்ரஜன் எங்கே? காற்றில் ஒரு ஆக்சிஜனுக்கு 3.76 நைட்ரஜன், அதாவது 5-க்கு 18.8 சேருங்கள், 2270 பக்கம் வந்து நிற்கும். ரியாக்டரில் தீக்குச்சி கிடையாது, 300-ல் அது எத்தனை நாள் ஓடினாலும் சும்மாதான் இருக்கும். தானாகப் பற்றுவதைப் பார்க்க 1000 கெல்வினுக்கு மேல் தொடங்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது சுடர் வேகம், அதாவது எரியாத கலவைக்குள் சுடர் முன்னேறும் வேகம், அதற்கு கேன்டெராவிலேயே இருக்கும் ஃப்ரீஃபிளேம் என்ற சுடர் கணக்குதான்.

வேதிவினை:
ஜிஆர்ஐ இயற்கை எரிவாயுவுக்காகச் செய்தது. 53 பொருட்கள், 325 வினைகள், அதில் ப்ரோபேன் பேருக்குத்தான் இருக்கிறது. எல்பிஜிக்கு யுஎஸ்சி மெக் 2 என்ற பட்டியலை எடுங்கள், நான்கு கார்பன் வரை உண்டு, பியூட்டேனும் அடக்கம். கேன்டெரா வடிவத்துக்கு மாற்றும்போது டிரான்ஸ்போர்ட் ஃபைலையும் (வாயுக்கள் பரவுவது, வெப்பம் கடத்துவது பற்றிய தரவு) கொடுக்க வேண்டும், அதை விட்டுவிட்டால் சமநிலைக் கணக்கு ஓடும், சுடர் கணக்கு மட்டும் விழும், ஆள் மண்டையைப் பிய்த்துக்கொள்வான். அப்புறம் ப்ரோபேன் 40, பியூட்டேன் 60 என்று யாராவது சொன்னால் எடையா மோலா என்று கேளுங்கள். எடை என்றால் கேன்டெராவில் டிபிஒய் (வெப்பநிலை, அழுத்தம், எடைப் பங்கு) என்று கொடுங்கள், இல்லை மோலுக்கு மாற்றினால் 47:53.

காரைக்குடிமெக்:
நைட்ரஜன் சேர்த்ததும் வெப்பநிலை சரியாகிவிட்டது. யுஎஸ்சி மெக்கில் சமவிகிதம் 1-க்கு (காற்றும் எரிவாயுவும் சரியாகத் தீரும் அளவு, அதற்கு மேல் என்றால் எரிவாயு அதிகம்) ஃப்ரீஃபிளேம் முடிகிறது, நொடிக்கு 40 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. ஆனால் இந்த அடுப்பு துளைக்கு முன்னால் பாதிக் காற்றைத்தான் இழுக்கும், மீதி வெளியிலிருந்து வரும். அதனால் 1.8 கொடுத்தேன், ஒன்றுமே குவியவில்லை, கணக்கு விடைக்கு வந்து நிற்கவே இல்லை.

தேவகோட்டையான்:
நேரே 1.8-க்குத் தாவாதீர்கள். 1-ல் கிடைத்த தீர்வையே தொடக்கமாக வைத்து 1.1, 1.2 என்று ஏறுங்கள். எரிவாயு கூடக் கூடச் சுடர் தடித்துப்போகும், 3 சென்டிமீட்டர் களம் போதாமல் முனையில் இடிக்கும். களத்தின் அகலத்தைக் கூட்டுங்கள், கணக்கை ஓட்டும்போது ஆட்டோ என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் அதுவே கூட்டியும் பார்க்கும். கணக்கிடும் புள்ளிகளின் கட்டங்களை நெருக்குவது கடைசியில், முதலிலேயே செய்தால் மெஷின் இரவு முழுக்க ஓடும்.

வேதிவினை:
இன்னொன்று. தீயைக் குறைத்தால் துளையில் வாயு போகும் வேகம் குறையும், சுடர் வேகம் அதை மிஞ்சினால் உள்ளே இறங்கும், அந்த இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் மணிக்கணக்கில் எரிந்த பர்னர் தலையில் கலவை 300 கெல்வினில் இருக்காது. 400 வைத்து ஒருமுறை ஓட்டுங்கள், சுடர் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் எகிறும். காலையில் ஒழுங்காக எரிந்த அடுப்பு மதியம் டப்பென்பது அதனாலாகவும் இருக்கலாம், துளை தேய்ந்து பெரிதாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.