விசேஷ வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர்கள்: இலங்கை மலையக அனுபவப் பகிர்வு

தலவாக்கலை வாசகி:

அக்காளுடைய மகளின் பூப்புச் சடங்கு வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) நெருக்கடியும், தாய்மாமன் சீர் வரும்போது ஏற்படும் தள்ளுமுள்ளும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். மூன்று வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளை எங்கள் அம்மாயியின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவர் ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தவர். பின்பக்கக் காம்பராவில் (அறையில்) பழைய கொழுந்துக் கூடையை நடுவில் வைத்து, தோரணத்திலிருந்து உதிர்ந்த மாவிலைகளையும் வெற்றிலைக் காம்புகளையும் பொறுக்கிவந்து போடச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தூக்கிப் பார்த்து, “உனக்கு அஞ்சு கிலோ, உனக்கு மூணு கிலோ, உனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்” என்று நிறுவை சொல்லிக்கொண்டிருந்தார். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்று கேட்ட பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடியும் இலை பொறுக்க ஓடினான்.

தண்ணீர் ஊற்றி முடிந்து, ஆலாத்தி எடுக்கும் நேரத்தில், அந்த நால்வரில் கடைக்குட்டி, அம்மாயியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) வரைக்கும் வந்துவிட்டாள். வாசலில்தான் பந்தல். அம்மாயி ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார். தாத்தா இறந்த பிறகு எந்த மங்கல காரியத்திலும் அவர் முன்னால் வந்ததில்லை. பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். “நீ போ சாமி, அம்மாயி இங்கேயே நிக்கிறேன்” என்று முந்தானையை அவள் விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்துவிட்டு, மற்ற மூன்று பேரையும் பார்க்க உள்ளே திரும்பினார். அவரை யாரும் தடுக்கவில்லை, வா என்றும் யாரும் அழைக்கவில்லை. பிள்ளைகளை அவரைப்போல வேறு யாராலும் சமாளிக்க முடியாது என்பதற்காகத்தான் அவரிடம் விட்டார்களா, அல்லது பந்தலுக்கு வராதே என்று வாய்திறந்து சொல்லும் தர்மசங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவா என்பது இன்று வரை என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

பண்டாரவளைத் தாத்தா:

நான் பாட்டன் என்ற முறையில் எழுதுகிறேன். என் மகள் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிறாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகளை, தவழத் தொடங்கிய காலத்திலிருந்து நானும் என் மனைவியும்தான் வளர்க்கிறோம். பதுளையில் மண்டபம் எடுத்து என் தம்பி மகனின் கல்யாணம் நடந்தபோது, மகள் விடுமுறையில் வந்திருந்தாள். கல்யாண வேலைகளில் என் மனைவி அகப்பட்டுக்கொண்டதால் இரண்டு பயல்களும் என் பொறுப்பு. ஒருவனைப் பிடித்தால் மற்றவன் மணவறைப் படியில் ஏறிவிடுவான்; அவனை இறக்கினால் இவன் கதிரைகளுக்கு அடியில் புகுந்து அடுத்த வரிசையில் வெளிப்படுவான்.

குடும்பப் படம் எடுக்க அழைத்தார்கள். மகள் புதுச் சேலை உடுத்தி, மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, “அம்மாகிட்ட வாங்க” என்றாள். இரண்டு பேரும் ஓடிவந்து என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மண்டபத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நீட்டிய கைகளை மடக்காமல் சிறிது நேரம் அப்படியே இருந்தாள். பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொண்டதில் எனக்குப் பெருமை வரவில்லை. என் மகளின் முகத்தைத்தான் பார்த்தேன். தலவாக்கலையில் அந்தப் பெரியவர் வாசற்படியைத் தாண்ட முடியாமல் நின்றதற்கு ஒரு வழக்கம் காரணம். என் மகள் தன் பிள்ளைகளுக்கு முன்னால் விருந்தாளியாக நின்றதற்கு எந்த வழக்கமும் காரணமில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கி மாளாது என்பதுதான் காரணம்.

ஹட்டன் வாசகி:

தலவாக்கலை சகோதரி எழுதியதில் ஒரு பகுதியை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளைப் பார்ப்பதையும் கைம்பெண்களை ஒதுக்கும் வழக்கத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டால், பிள்ளைகளோடு இருப்பதையே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பெரியவர்களின் மனம் மறைந்துபோகிறது. அந்த வழக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது அசையவே அசையாது என்று நினைத்து அதற்கு நாமே பலம் சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் அண்ணன் மகளுக்கு மாரியம்மன் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்த உடனே பிள்ளை வில்லாக வளைந்து கத்தத் தொடங்கினாள். மூன்று பேர் பிடித்தும் தலை நிற்கவில்லை. எங்கள் அப்பாயி, அவரும் கணவரை இழந்தவர்தான், கோயில் தூணருகே வேறு இரண்டு சிறுசுகளுக்குப் பொரிகடலை ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை மாமன் மடியிலிருந்து நழுவி நேரே அவர் மடியில் போய் விழுந்து, முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டது. ஆசாரி ஊசியோடு அங்கேயே போனார். “பிள்ளை எங்க சும்மா இருக்கோ அங்கயே குத்துறேன்” என்றார். ஒரு பெரியவர் குறுக்கே வந்து, சம்பிரதாயம் இருக்கிறது என்று சத்தமிட்டார். அப்போது தாய்மாமன், தட்டையும் தோட்டையும் எடுத்துக்கொண்டுபோய் அப்பாயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “மாமன் நான் இங்கதான் இருக்கேன், குத்துங்க” என்றார். இரண்டு காதும் குத்தி முடிந்தது. பிள்ளை ஒரு முறைதான் வீறிட்டது.

சத்தமிட்ட பெரியவர் சாப்பிடாமல் புறப்பட்டுவிட்டார். அப்பாயி இன்றும் அந்த நாளைப் பற்றிப் பேசினால், பேத்தி தன் மடியில் இருந்ததைச் சொல்வதில்லை. “அந்த மனுசன் பசியோட போயிட்டாரே” என்றுதான் சொல்கிறார். எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

மஸ்கெலியாவிலிருந்து, பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) நெடுங்காலம் வேலை செய்தவர்:

ஏழு பேர்ச் காணியில் கட்டிக் கிடைத்த புதுவீட்டில் பால் காய்ச்சும் விசேஷம். பின்பக்கம் கல் கூட்டி, பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. பேரனைத் துரத்திவந்த பாட்டி, அவன் அடுப்பங்கல்லுக்கு ஓரடி தூரத்தில் இருந்தபோது, காற்சட்டைப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார். நிறுத்திய வேகத்தில் அவர் முழங்கால் தரையில் மோதியது, பிள்ளை சிரித்தது. என்னுடைய கதை அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய மூவரும் மனவேதனையை மட்டுமே எழுதியிருப்பதால், விசேஷ வீட்டில் பெரியவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைப்பவர்கள் செய்ய வேண்டியவற்றை நான் எழுதியே ஆக வேண்டும்.

முதலாவது, இடம். பிள்ளைகள் இருக்கும் காம்பரா, அடுப்புக்கும் லயத்துக் கானுக்கும் (வடிகாலுக்கும்) எதிர்த்திசையில் இருக்க வேண்டும். சமையல் நடக்கும் பக்கத்தில் ஒரு வாங்கை, அதாவது பெஞ்சை, குறுக்கே போட்டு, அதில் ஒரு வாலிபனை உட்கார வையுங்கள். தேத்தண்ணீர்த் தட்டை எடுத்து வருபவர்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலாக நீட்டக் கூடாது. வெடி கொளுத்துவதற்கும் அடுப்புப் புகை போவதற்கும் முன்பாக, கூரையிலோ அருகிலுள்ள மரத்திலோ குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சத்தத்திலும் புகையிலும் குளவி கலைந்தால் ஓட முடியாதவர்கள் கிழவர்களும் பிள்ளைகளுமே.

சுடுநீரோ கஞ்சியோ பட்டுவிட்டால் பற்பசையும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். வளையலையும், தோலோடு ஒட்டாத துணியையும் கழற்றிவிட்டு, பீலித் (குழாய்த்) தண்ணீர் மெதுவாக விழும்படி செய்து, சுட்ட இடத்தை 20 நிமிடம் அதில் பிடிக்க வேண்டும். நம்முடைய குளிரில் மற்ற உடம்பைக் கம்பளியால் மூடிக்கொள்ள வேண்டும். பிறகு சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளை அதைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். ஹட்டன் சகோதரி கோயில் தூணருகே பொரிகடலை ஊட்டியதாக எழுதியிருக்கிறார். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கச்சானோ (நிலக்கடலையோ) மற்றக் கடலையோ முழுதாகக் கொடுப்பது கூடவே கூடாது; திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். தொண்டையில் அடைத்து, பிள்ளையால் அழவோ இருமவோ முடியாமல் போனால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவ வேண்டாம். மினுங்கும் விளையாட்டுச் சாமான்களில் இருக்கும் சிறிய வட்டப் பற்றறியை விழுங்கிவிட்டால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அப்போதே புறப்படுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தைப் பெரியவரின் கைத்தொலைபேசியில் முன்கூட்டியே பதிந்து கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். பந்தி தொடங்கும் முன்பே அவருக்குச் சாப்பாடு போடுங்கள். கடைசிப் பந்திக்குப் பிறகு ஆறிப்போன சோற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பண்டாரவளைத் தாத்தா:

மஸ்கெலியா அம்மா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்; வட்டப் பற்றறி விஷயம் எங்களுக்குப் புதிது. ஆனால் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கு எங்கள் லயத்தில் சரிப்பட்டு வராது. இளம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். வாலிபர்கள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். வாங்கில் காவலுக்கு உட்கார வைக்க வாலிபனுக்கு நான் எங்கே போவேன்? விசேஷத்துக்கு வந்து சேர்பவர்களும் இரண்டு நாள் விடுமுறையில் வந்து, ஒருவரோடொருவர் பேசித் தீர்க்கவே நேரம் போதாமல் திரும்புகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டைப் பற்றி அவர் எழுதியது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை.

நுவரெலியா வாசகர்:

வழக்கத்தைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். சத்தத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. என் தங்கை மகனுக்கு முதலாவது பிறந்தநாள். தை மாதம், பல் கிட்டிக்கும் குளிர். வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் சுவரோடு சுவராக வைக்கப்பட்டிருந்தன. பாட்டு தொடங்கியதும் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியவர்கள் ஆட, சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு எங்கள் தாத்தாவைச் சுற்றி ஒடுங்கினார்கள்.

கேக் வெட்டக் கூப்பிட்டபோது பிறந்தநாள் பிள்ளையைக் காணவில்லை. தாத்தாவையும் வேறு இரண்டு பிள்ளைகளையும்கூடக் காணவில்லை. தங்கை அழத் தொடங்கிவிட்டாள். கான் ஓரம், பீலி, மேல் லயம் என்று ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம். தேமலைக்குள் (தேயிலை மலைக்குள்) ஏறும் படிக்கட்டில், தாத்தா தன் பழைய கம்பளியை விரித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பளியின் விளிம்பில் மூன்று தலைகள் தெரிந்தன. பிறந்தநாள் பிள்ளை அவர் நெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. என் மைத்துனர் கோபமாக, “சொல்லாமக் கொள்ளாம இப்படி வரலாமா மாமா?” என்று கேட்டார். “ரெண்டு தரம் சொன்னேனே மாப்பிள்ளை, அந்தச் சத்தத்துல ஒங்களுக்குக் காது கேக்கல” என்றார் தாத்தா.

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். என் அம்மாவும் அவர் உதடு அசைந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு வீட்டில் எல்லோரும் தாத்தாவைத்தான் திட்டினார்களே தவிர, ஒருவர்கூட அந்தப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கவில்லை. பிள்ளையை எழுப்பி, அழ அழக் கேக் வெட்ட வைத்தார்கள். மஸ்கெலியா அம்மா தம்முடைய ஆலோசனைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கூப்பிட்டால் கேட்கும் அளவுக்குத்தான் பாட்டு இருக்க வேண்டும். சித்திரையில் தங்கையின் இரண்டாவது பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள். பெட்டி எடுப்பதானால் அதை வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும் என்று மைத்துனரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.