நெப்பந்தஸ் குடுவை எல்லாம் கருகுது, கண்ணாடித் தொட்டில வச்சும் ஏன் இப்படி?

மாடிவீட்டு_மல்லி (சென்னை):

வணக்கம் மக்களே. ஸ்கூல்ல பூச்சி தின்னும் தாவரம்னு படம் வரைஞ்சு பாகம் குறிச்சோமே, அந்த குடுவைச் செடி, நெப்பந்தஸ், அத ஆசைப்பட்டு ஆன்லைன்ல வாங்கிட்டேன். வென்ட்ராட்டான்னு ஒரு ரகம். வந்தப்போ 5 குடுவை இருந்துச்சு, ஒண்ணு வழியிலயே நசுங்கிருச்சு, மிச்சம் நாலும் பச்சையும் சிவப்பும் கலந்து அவ்ளோ அழகு. மழைக்காட்டுச் செடி, ஈரப்பதம் வேணும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களேன்னு பரண்ல கிடந்த 2 அடி மீன் தொட்டிய கழுவி, அடியில கூழாங்கல்லு, கரி, அதுக்கு மேல செம்மண்ணு மண்புழு உரம் தேங்கா நார்த்தூள் கலந்து போட்டு, செடிய நட்டு, மேல கண்ணாடி வச்சு மூடி, ஹால்ல மேற்கு ஜன்னல் ஓரமா வச்சேன். தண்ணி வீட்டு ஆர்ஓ தண்ணி தான்.

இப்போ 2 மாசம். நாலு குடுவையும் வாய் பக்கத்துல இருந்து காய்ஞ்சு பழுப்பாயிருச்சு. புது இலை வராம இல்ல, வருது, நுனில கம்பி மாதிரி நீளுது, அதோட முனையில மிளகு சைஸ்ல பழுப்பு முடியோட ஒரு மொட்டு வருது, அவ்ளோ தான், அப்படியே நின்னு ஒரு வாரத்துல கருத்துப் போயிடுது. கண்ணாடி எந்நேரமும் வேர்த்து வழியுது. மண்ணு மேல வெள்ளையா பூஞ்சை.

இன்னும் ரெண்டு உண்மைய சொல்லிடறேன், திட்டாதீங்க. செடி வாடுதேன்னு அத்தை பாவம் ரெண்டு மூணு தடவ அரிசி கழுவின தண்ணி ஊத்திருக்காங்க. என் பையன் ஒரு குடுவைக்குள்ள சிக்கன் 65 துண்டு போட்டிருக்கான், நாத்தம் வந்தப்புறம் தான் எனக்கே தெரிஞ்சுது.

கொசுவலை_குமார் (கோவை):

சிக்கன் 65 😂😂 அது ஈ எறும்பு சாப்பிடற ஜீவன்க்கா, மசாலாவுக்கே செத்திருக்கும். அந்த குடுவைய மட்டும் வெட்டி எறிஞ்சிடுங்க. விவரமா சொல்ல இங்க ஆள் இருக்காங்க, வருவாங்க.

ஆறாவதுமாடி (சென்னை):

மல்லி மேடம், மொதல்ல பயப்படாதீங்க, புது இலை வருதுன்னா செடி உயிரோட தான் இருக்கு. பழைய குடுவை காயறது சகஜம், பார்சல்ல வந்த செடின்னா இன்னும் சீக்கிரமே காயும், உள்ள இருந்த திரவம் பாதி கொட்டிருக்கும். ஒரு இலைக்கு ஒரே குடுவை தான், காய்ஞ்சா அந்த இலையில மறுபடி வராது, அதுக்காக இலைய வெட்டிடாதீங்க, பச்சையா இருக்கற வரைக்கும் அது தான் சோறாக்கிப் போடுது. கவலைப்பட வேண்டியது அந்த மிளகு சைஸ் மொட்டு கருகறதுக்கு தான்.

மூணு தப்பு இருக்கு. முதல்ல மண்ணு. இந்தச் செடி ஏன் பூச்சி பிடிக்குது, அது வளர்ற இடத்துல மண்ணுல சத்தே கிடையாது, நைட்ரஜனுக்கு வேற வழியில்லாம தான் இலை நுனிய குடுவையாக்கி வச்சிருக்கு. அதோட வேர் கருப்பா நூல் மாதிரி, தொட்டா ஒடியற ரகம், அதுக்குப் போய் செம்மண்ணும் மண்புழு உரமும் போட்டா வேர் வெந்துடும். நார்த்தூள்ளயும் உப்பு இருக்கும், நல்லா ஊறவச்சு நாலஞ்சு தண்ணி மாத்தாம போடவே கூடாது. ஸ்பேக்னம் பாசி (ஆர்க்கிட் விக்கறவங்ககிட்ட காய்ஞ்ச கட்டா கிடைக்கும்) பாதி, பெர்லைட் (வெள்ளையா லேசா இருக்கற பொரிகல்லு) பாதி, அவ்ளோ தான் வேணும். சின்ன பிளாஸ்டிக் தொட்டில, அடியில நிறைய ஓட்டையோட. கூழாங்கல்லு கரி எல்லாம் போட்டோவுக்கு நல்லாருக்கும், மீன் தொட்டிக்கு அடியில ஓட்டை இல்லையே, ஊத்தின தண்ணியெல்லாம் அங்கயே நின்னு நாறும்.

அடுத்தது தண்ணி. டிடிஎஸ் மீட்டர் (தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு அளக்கறது) ஒண்ணு வாங்கிடுங்க, முன்னூறு ரூபா கூட ஆகாது. 50க்குள்ள இருந்தா நிம்மதியா ஊத்தலாம். ஆர்ஓன்னு நம்பிடாதீங்க, நிறைய வீட்டு மெஷின்ல ருசிக்காக மினரல திரும்பக் கலக்கறான்.

பெரிய தப்பு அந்த மூடி. மேற்கு வெயில், மூடின கண்ணாடிப் பெட்டி, அது டெர்ரேரியம் (கண்ணாடிப் பெட்டித் தோட்டம்) இல்ல மேடம், இட்லி குண்டான். சாயங்காலம் 4 மணிக்கு உள்ள ஒரு தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. ஈரப்பதம் ஈரப்பதம்னு எல்லாரும் அது ஒண்ணையே பிடிச்சுட்டு தொங்கறாங்க, ஆனா நான் பார்த்த வரைக்கும் சென்னையில வெளிச்சம் பத்தாம குடுவை வராத செடி தான் ஜாஸ்தி, கூடவே காத்தோட்டம் இல்லாம அழுகினது.

கொசுவலை_குமார் (கோவை):

அண்ணே ஒரு டவுட்டு, வென்ட்ராட்டா மலைச்செடின்னு ஒருத்தர் சொன்னாரு, அப்போ சென்னையில வருமா?

ஆறாவதுமாடி (சென்னை):

வரும். நெப்பந்தஸ்ல 150க்கு மேல இனம் இருக்கு, வளர்க்கறவங்க அத தாழ்நிலம் மலைநிலம்னு ரெண்டா பிரிச்சுப்பாங்க, உத்தேசமா 1000 மீட்டர் உயரம் கோடு. மலை ரகத்துக்கு ராத்திரி 10ல இருந்து 15 டிகிரிக்கு குளிரணும், நம்ம ஊர்ல ராத்திரி பூரா ஏசி போட்டாலும் அது வராது, அதெல்லாம் ஊட்டி கொடைக்கானல் ஆளுங்க வளர்க்கட்டும். வென்ட்ராட்டா பிலிப்பைன்ஸ் செடிங்க ரெண்டு கலந்த கலப்பு, ரெண்டுக்கும் நடுவுல எதையும் தாங்கும், அதனால தான் நர்சரியெல்லாம் அதையே விக்குது. தாங்கும்னா மே மாச சூட்டுல சந்தோஷமா இருக்கும்னு அர்த்தம் இல்ல, குடுவை சின்னதாகும், ஆனா சாகாது.

மாடிவீட்டு_மல்லி (சென்னை):

சார் மீட்டர் வந்துருச்சு, வீட்ல இருக்கற தண்ணியெல்லாம் அளந்துட்டோம், பையனுக்கு ஒரே குஷி. போர் தண்ணி 1180. ஆர்ஓ 140. ஏசில இருந்து சொட்டுதே அந்த பக்கெட் தண்ணி 18! இத்தன நாளா அதுல பாத்ரூம் கழுவிட்டு இருந்தேன். தொட்டி அடியில தேங்கினத சிரிஞ்சுல உறிஞ்சி வச்சேன், 900க்கு மேல காட்டுது. தெர்மாமீட்டர் 4 மணிக்கு 43. நீங்க சொன்ன இட்லி குண்டான் தான்.

ஆறாவதுமாடி (சென்னை):

900ஆ! இன்னைக்கே பிடுங்குங்க. வேர்ல ஒட்டியிருக்கற மண்ண கையால உருவாதீங்க, ஏசி தண்ணி பக்கெட்ல கால் மணி நேரம் முக்கி வச்சு மெதுவா அலசுங்க, தானா உதிரும். ஏசி தண்ணி தாராளமா ஊத்தலாம், நானே நாலு வருஷமா அதத்தான் ஊத்தறேன், ஆனா சர்வீஸ் பண்ணின அன்னைக்கு வர்ற தண்ணி வேண்டாம், கெமிக்கல் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணி நாலு கேன் பிடிச்சு வைங்க.

மீன் தொட்டிய தூக்கிப் போட வேண்டாம். கண்ணாடி மூடிய எடுத்துட்டு கொசுவலை கட்டுங்க, ஜன்னல விட்டு நகர்த்தி மேல 6500 கெல்வின் எல்ஈடி பட்டை லைட்டு ரெண்டு, டைமர்ல 12 மணி நேரம். ஓரமா பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு, 12 வோல்ட் அடாப்டர்ல மெதுவா ஓடட்டும், பூஞ்சை போயிடும். தொட்டிக்குள்ள செடிய மண்ணுல நடாம பிளாஸ்டிக் தொட்டியோடயே வைங்க. இன்னொன்னு, இது கொடி, மேல ஏறிட்டே போகும், ரெண்டு வருஷத்துல மீன் தொட்டி பத்தாது, இப்பவே மனசத் தேத்திக்கங்க.

காரிடார்_காத்து (சிங்கப்பூர்):

நான் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. தொட்டியே எதுக்கு? இங்க எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு காரிடார்ல கம்பியில தொங்கவிட்டு 7 செடி வளர்க்கறேன், கண்ணாடியும் இல்ல லைட்டும் இல்ல. ஆம்புலேரியா, கிராசிலிஸ், ரஃப்லேசியானான்னு மூணு நெப்பந்தஸும் இந்த ஊர்லயே இயற்கையா வளர்ற செடி (காட்டுல பார்த்துட்டு வந்துடணும், கை வச்சா அபராதம்). ஆம்புலேரியா குடுவைய பார்த்திருக்கீங்களா, குண்டு குண்டா தரையோட தரையா பானை அடுக்கின மாதிரி இருக்கும், மூடி பின்னாடி மடங்கியிருக்கும், பூச்சிய விட மேல இருந்து விழற சருகத் தின்னு பொழைக்குது. மலாய்ல பெரியுக் கெரா, குரங்குப் பானைன்னு அர்த்தம். மலேசியா பக்கம் அந்தக் குடுவைக்குள்ள ஒட்டரிசியும் தேங்காப்பாலும் ஊத்தி அவிச்சு விப்பாங்க, எங்க மாமா வீட்டுக்குப் போனப்போ சாப்பிட்டிருக்கேன், நல்லாத் தான் இருந்துச்சு.

ஆறாவதுமாடி (சென்னை):

உங்க ஊர்ல வருஷம் பூரா காத்தே ஈரமா இருக்கு சார், எங்களுக்கு ஆனி ஆடி மேலக்காத்து அடிச்சா துணி அரை மணியில மொறமொறன்னு காயும். மொட்டு வர்ற நேரத்துல அந்தக் காத்து பட்டா அவ்ளோ தான். மேல திறந்த தொட்டி நடுவாந்திர வழி. மத்தபடி நீங்க சொல்றது சரி, மழை ஆரம்பிச்சா நானும் பால்கனிக்கு தான் மாத்தறேன்.

ஈரவலயம் (கொழும்பு):

வணக்கம் அக்கா. எங்கட நாட்டிலயும் ஒரு நெப்பந்தஸ் இருக்கு, டிஸ்டிலேட்டோரியா எண்டு, இலங்கையைத் தவிர வேற எங்கயும் இயற்கையா இல்லை. செடிகளுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் 1753ல நெப்பந்தஸ் எண்ட பேரை முறைப்படி வெளியிட்டதே இந்தச் செடியை வச்சுத்தான். சிங்களத்தில பாந்துரா எண்டு சொல்லுவினம். சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போற பக்கம் ரோட்டோர மண்வெட்டிலயே கண்டனான், நல்ல வெயிலுக்குள்ள பத்தை மேல ஏறிப் படர்ந்து கிடக்கும், கால் எப்பவும் ஈரம், தலை வெயில். காடு எண்டவுடனே இருட்டுக்குள்ள வளருறது எண்டு நினைக்கக் கூடாது. லைட் விசயத்தில ஆறாவதுமாடி அண்ணா சொல்லுறது நூறு வீதம் சரி.

கொசுவலை_குமார் (கோவை):

நம்ம நாட்டுச் செடி காசியானா பத்தி யாரும் சொல்லலையே. ஆன்லைன்ல 100 விதை 99 ரூபான்னு போட்டிருக்கான், நீலக்கலர் குடுவை கூட இருக்கு, வாங்கலாமா?

ஆறாவதுமாடி (சென்னை):

குமாரு, நீலக்கலர் நெப்பந்தஸே கிடையாதுப்பா, போட்டோவுல கலர் மாத்தினது. இதுல ஆண் செடி பெண் செடி தனித்தனி, ரெண்டும் ஒரே நேரத்துல பூத்தா தான் விதை, அந்த விதையும் முடி மாதிரி மெல்லிசு, கொஞ்ச மாசத்துலயே முளைக்கற சக்தி போயிடும். 99 ரூபாய்க்கு கீரை விதை வரும், தண்டுக்கீரையா இருந்தா கூட்டு வச்சுக்கோ.

காசியானா மேகாலயா செடி, இந்தியாவுல இயற்கையா இருக்கற நெப்பந்தஸ் அது ஒண்ணு தான். அங்க இருக்கற காரோ மக்கள் மேமாங் கோக்சின்னு சொல்றாங்க, பேய்க்கூடைன்னு அர்த்தம். பாக்மாரா பக்கம் இதுக்குன்னே சின்னதா ஒரு சரணாலயம் இருக்கு. நாடு விட்டு நாடு விக்கறதுக்கு ரொம்பக் கெடுபிடியான சைட்டிஸ் (அழியற உயிரினங்கள விக்கறத கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) முதல் பட்டியல்ல இருக்கு, அதனால காட்டுல பிடுங்கின செடி யாராவது குடுத்தா தொடாதீங்க, திசு வளர்ப்பு செடின்னு ரசீதோட குடுத்தா மட்டும் வாங்குங்க. வளர்க்க ரொம்ப சுலபம், சென்னை வெயிலுக்கு வென்ட்ராட்டாவ விட அலட்டிக்காம இருக்கு.

மாடிவீட்டு_மல்லி (சென்னை):

ரெண்டரை மாசம் கழிச்சு வரேன். சொன்னதெல்லாம் பண்ணினேன். முதல் மூணு வாரம் ஒண்ணுமே நடக்கல, பழைய இலை ரெண்டு மஞ்சளாச்சு, போச்சுன்னே நினைச்சேன். அப்புறம் வந்த இலையில மொட்டு கருகல, கீழ தொங்கி அப்படியே வளைஞ்சு மேல பார்த்து நிமிர்ந்துச்சு, தினம் காலைல காபி டம்ளரோட போய் நிக்கறது தான் என் வேலை. சுண்டுவிரல் அளவு ஆனதும் பலூன் ஊதின மாதிரி உப்பிச்சு, போன செவ்வாய்க்கிழமை மூடி திறந்துருச்சு! திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள தண்ணி இருந்துச்சு, டார்ச் அடிச்சா தெரிஞ்சுது, நான் ஒரு சொட்டு கூட ஊத்தல.

நேத்து ஒரு கட்டெறும்பு விளிம்புல வழுக்கி விழுந்துச்சு. பையன் அத எடுத்து காப்பாத்தணும்னு அழறான். சிக்கன் 65 போட்டவன் தான் இவன். சரி, பூச்சி தானா விழலன்னா மீன் கடையில விக்கற காய்ஞ்ச புழு போடலாமா?

ஆறாவதுமாடி (சென்னை):

அருமை மேடம்! போடலாம், ஒரு குடுவைக்கு ரெண்டு மூணு புழு, மூணு வாரத்துக்கு ஒரு தடவ போதும். அத்தைகிட்ட அரிசி தண்ணிய கறிவேப்பிலைக்கு ஊத்தச் சொல்லுங்க.