ஆறு நிமிட முட்டை: எதிலிருந்து எண்ணுவது?

பெரம்பூர்க்காரி:
போன வாரம் ராயபுரத்தான் இங்கே ஆஃப் பாயில் முட்டைக்கு ஒரு குறிப்பு போட்டிருந்தார். "முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், அடுப்பைப் பற்ற வையுங்கள், ஆறு நிமிடத்தில் இறக்குங்கள், மஞ்சள் கரு தேன் மாதிரி வழியும்" என்று. அதற்கு ஆளாளுக்கு நன்றி வேறு. அதை நம்பி நேற்றுக் காலையில் நான்கு முட்டை வைத்தேன். ஆறாவது நிமிடத்தில் தண்ணீர் அப்போதுதான் கொதிக்கவே ஆரம்பித்தது. ஓட்டைத் தட்டினால் வெள்ளைக் கரு கையில் வழிகிறது. பள்ளிக்கூடம் கிளம்பிய பையன் தட்டைத் தள்ளிவிட்டு இரண்டு பிஸ்கட்டோடு போனான். நான்கு முட்டையும் கடைசியில் பொடிமாஸ் ஆயிற்று.

ஆறு நிமிடம் என்பது சரியான கணக்குதான். ஆனால் அது கொதிக்கிற தண்ணீரில் முட்டை போன நொடியிலிருந்து. தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும், கரண்டியில் வைத்து மெதுவாக இறக்குங்கள், அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். தெரியாதவர்கள் குறிப்பு எழுதினால் பிறர் வீட்டு முட்டைதான் வீணாகிறது.

ராயபுரத்தான்:
அம்மா, இருபத்தைந்து வருடமாக நான் இப்படித்தான் செய்கிறேன். என் வீட்டில் வருகிறது. உங்கள் வீட்டில் வரவில்லை என்றால் முதலில் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். முட்டை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் போதும் என்றும் எழுதியிருந்தேன். நீங்கள் குண்டான் நிறைய வைத்திருப்பீர்கள்.

அம்பத்தூர் நாமக்கல்:
ஒரு சந்தேகம். ஆஃப் பாயில் என்றால் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, திருப்பிப் போடாமல் எடுப்பது இல்லையா? சென்னையில் எந்தக் கையேந்திபவனில் கேட்டாலும் அதைத்தான் தருவார்கள். ஓட்டோடு வேகவைக்கும் இந்த முட்டைக்கு என்ன பெயர் என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

பெரம்பூர்க்காரி:
ராயபுரத்தான், என் பர்னரில் ஒரு குறையும் இல்லை. நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள், கவனித்தீர்களா? உங்கள் அடுப்பு வேறு, என் அடுப்பு வேறு. இண்டக்‌ஷனில் அரை லிட்டர் தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் கொதித்துவிடும். சின்ன பர்னரில் ஒரு லிட்டர் வைத்தால் ஆறு ஏழு நிமிடம் ஆகும். பிறகு "பற்ற வைத்ததிலிருந்து ஆறு நிமிடம்" என்று ஊருக்கே எப்படிச் சொல்ல முடியும்? கொதிக்கிற தண்ணீர் மட்டும்தான் எல்லார் வீட்டிலும் ஒன்று. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. பெரம்பூரிலும் நூறு டிகிரி, ராயபுரத்திலும் நூறு டிகிரி. ஊட்டியில் என்றால் 93க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அங்கே கணக்கு மாறும். நாம் ஊட்டியில் இல்லை.

வேளச்சேரிவாசி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முட்டை எங்கே இருந்தது? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் நான்கைந்து டிகிரி. மே மாதம் சமையல்கட்டுக் கூடையில் இருந்தால் முப்பதுக்கு மேல். இந்த வித்தியாசத்துக்கே ஏறக்குறைய ஒரு நிமிடம் போகும். ஃபிரிட்ஜ் முட்டைக்கு ஆறு, வெளியே இருந்த முட்டைக்கு ஐந்து. எடையும் பாருங்கள். கடை முட்டை ஐம்பது கிராமுக்கு மேல் இருக்கும், நாட்டுக்கோழி முட்டை நாற்பதுதான். அதற்கு இன்னும் குறைக்க வேண்டும்.

பெரம்பூர்க்காரி:
சரி, ஐந்தோ ஆறோ இருக்கட்டும். எதிலிருந்து ஐந்து? தண்ணீர் கொதித்து முட்டை உள்ளே போனதிலிருந்துதானே? அதைத் தெளிவாக எழுதுங்கள்.

வேளச்சேரிவாசி:
ஆமாம், கொதித்த பிறகுதான். ஆனால் என் கருத்து முட்டையின் சூட்டைப் பற்றியது.

பெரம்பூர்க்காரி:
ஆமாம் என்கிறார். ராயபுரத்தான் படிக்கவும்.

புரசைப்பாட்டி:
எங்கள் காலத்தில் முட்டைக்குக் கடிகாரம் பார்த்ததில்லை. இட்லிப் பானையில் ஆவி நன்றாக வந்த பிறகு தட்டில் முட்டையை அடுக்கி மூடுவோம். கந்த சஷ்டி கவசம் பாதி சொல்லும் நேரம். ஆவியில் வைத்தால் ஓடு முட்டி மோதி உடையாது, இரண்டு வைத்தாலும் எட்டு வைத்தாலும் ஒரே பதம். தண்ணீரில் நிறைய முட்டையைச் சேர்த்துப் போட்டால் கொதி அடங்கிவிடும் அல்லவா, ஆவியில் அந்தத் தொல்லை இல்லை.

ராயபுரத்தான்:
பாட்டி, சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு முட்டையா? எங்கள் வீட்டில் சஷ்டி என்றால் முட்டை வாசலைத் தாண்டாது.

புரசைப்பாட்டி:
சஷ்டியன்று வைத்தேன் என்று எங்கே எழுதினேன்? நேரக் கணக்குக்குச் சொன்னேன். பெரியவர்களிடம் பேசும்போது படித்துவிட்டுப் பேசு தம்பி.

பெரம்பூர்க்காரி:
பாட்டி சொன்னதைப் பார்த்தீர்களா? "ஆவி நன்றாக வந்த பிறகு." சூடாகாத பானையில் வைத்து எண்ணவில்லை.

ராயபுரத்தான்:
நீங்கள் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஓடு விரிசல் விடும். ஐந்தில் ஒன்றாவது விரிந்து வெள்ளை நூல்நூலாக மிதக்கும். அதற்காகத்தான் பச்சைத் தண்ணீர். இது அனுபவம்.

வேளச்சேரிவாசி:
விரிவதற்குக் காரணம் முட்டையின் மழுங்கிய பக்கத்தில் இருக்கும் காற்றுப்பை. சூட்டில் காற்று விரிந்து ஓட்டைத் தள்ளுகிறது. அந்தப் பக்கத்தில் ஊசியால் மெல்லக் குத்திவிட்டால் காற்று வெளியேறும், விரிசல் குறையும். தண்ணீரில் உப்புப் போட்டால் விரிசல் நிற்கும் என்பார்கள், அது நிற்காது. விரிந்த பிறகு வழிகிற வெள்ளையைச் சட்டென்று உறைய வைக்கத்தான் உப்பு உதவும்.

ராயபுரத்தான்:
முட்டைக்கு ஊசி குத்துவதா? இனி தையல் மெஷினும் வாங்க வேண்டுமா?

பெரம்பூர்க்காரி:
பச்சைத் தண்ணீரில் வைத்த முட்டையை உரித்துப் பார்த்திருக்கிறீர்களா, ராயபுரத்தான்? சவ்வு வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு பாதி முட்டை ஓட்டோடு வந்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்க வெள்ளை சட்டென்று இறுகி, சவ்வை விட்டு விலகும். அப்புறம் ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம். குழாய்த் தண்ணீர் என்று நினைக்காதீர்கள், மே மாதம் மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது கையைச் சுடுகிறது. அதில் போட்டால் முட்டை வெந்துகொண்டே இருக்கும்.

அம்பத்தூர் நாமக்கல்:
உரிக்க வராததற்கு முட்டை புதுசாக இருப்பதுதான் முக்கியமான காரணம். எங்கள் ஊர் லாரியில் அன்றைக்கு வந்த முட்டையை அன்றைக்கே வேகவைத்தால் ஓடு ஒட்டத்தான் செய்யும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியாகக் கரியமிலவாயு வெளியேறி வெள்ளைக் கரு காரத்தன்மை அடையும், அப்போது சவ்வு பிடியை விடும். ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். நாமக்கல் முட்டையைக் குறை சொல்லும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பெரம்பூர்க்காரி:
நாமக்கல் முட்டையை யார் குறை சொன்னது? நான் குறை சொன்னது ராயபுரத்தின் ஆறு நிமிடத்தை.

ராயபுரத்தான்:
இந்த அம்மாவுக்கு என்மேல் பழைய கோபம். போன வருடம் வஞ்சிர மீன் பேச்சு வந்தபோது, காசிமேட்டில் விடியற்காலையில் வாங்கும் மீனும் பெரம்பூர் மார்க்கெட்டில் பத்து மணிக்கு வாங்கும் மீனும் ஒன்றுதான் என்றார்கள். நான் மறுத்தேன். அன்றிலிருந்து நான் எது எழுதினாலும் தேடி வந்து தப்பு என்கிறார்கள்.

பெரம்பூர்க்காரி:
ஐஸில் வைத்த மீன் நான்கு மணி நேரத்தில் கெட்டுவிடாது என்றுதான் எழுதினேன். இப்போதும் அதையே சொல்வேன். முட்டைக்கு வாருங்கள்.

வேளச்சேரிவாசி:
2025 பிப்ரவரியில் இத்தாலி ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். நூறு டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம், முப்பது டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம், இப்படி மாற்றி மாற்றி மொத்தம் முப்பத்திரண்டு நிமிடம். மஞ்சள் கரு அறுபத்தைந்து டிகிரியில் கெட்டியாகத் தொடங்கிவிடும், வெள்ளை முழுதாக இறுக எண்பதுக்கு மேல் வேண்டும். ஒரே சூட்டில் இரண்டையும் சரியாக வேகவைப்பது கஷ்டம், அதனால்தான் இந்த ஏற்பாடு.

ராயபுரத்தான்:
அரை மணி நேரம் கேஸை எரித்து ஒரு முட்டையா? சிலிண்டர் விலை இத்தாலிக்காரனுக்கு என்ன தெரியும்?

பெரம்பூர்க்காரி:
முப்பத்திரண்டு நிமிடமெல்லாம் எனக்கும் வேண்டாம். ஆனால் அவர்களும் முட்டையை எதில் போட்டார்கள்? கொதிக்கிற தண்ணீரில்.

ராயபுரத்தான்:
கடைசியாகச் சொல்கிறேன். சின்னக் கிண்ணம், முட்டை மூழ்கும் தண்ணீர், பெரிய பர்னர், முழுத் தீ, ஆறு நிமிடம். இறக்கி, மூடி வைத்து, இரண்டு நிமிடம் கழித்து உடைக்கிறேன். வெள்ளை வெந்திருக்கும், மஞ்சள் ஓடும். என் பேத்தி தினமும் சாப்பிடுகிறாள்.

பெரம்பூர்க்காரி:
நில்லுங்கள். மூடி வைத்து இரண்டு நிமிடமா? போன வாரக் குறிப்பில் அது எங்கே? சுடுதண்ணீரில் மூடி வைத்தால் முட்டை வெந்துகொண்டுதானே இருக்கும். அப்படியானால் உங்கள் ஆறு நிமிடம் எட்டு நிமிடம். இதை எழுதாமல் விட்டுவிட்டு என் பர்னரைக் குறை சொன்னீர்கள்.

ராயபுரத்தான்:
இறக்கிய பாத்திரத்தை மூடி வைப்பது யாருக்கும் தெரிந்த விஷயம். ஒவ்வொன்றையும் எழுத முடியுமா? அடுப்பில் இருப்பது ஆறு நிமிடம். நான் எழுதியது ஆறு நிமிடம்.

பெரம்பூர்க்காரி:
வேகும் நேரம்தான் நேரம். அடுப்பில் இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன?

புரசைப்பாட்டி:
பேத்திக்கு என்ன வயது? சின்னக் குழந்தைக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் மஞ்சள் ஓடும் முட்டை கொடுக்கக் கூடாது. எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

ராயபுரத்தான்:
என் பேத்திக்கு எது கொடுப்பது என்று எனக்குத் தெரியும் பாட்டி.

வேளச்சேரிவாசி:
பாட்டி சொல்வது சரி. சால்மோனெல்லா கிருமி முட்டைக்கு உள்ளேயும் இருக்கலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு மஞ்சள் கரு இறுகும் வரை வேகவைப்பதே பாதுகாப்பு.

ராயபுரத்தான்:
எல்லாரும் சேர்ந்து என்னைத் திருத்தக் கிளம்பிவிட்டீர்கள். நாளைக் காலையில் முட்டையை வெட்டிப் படம் போடுகிறேன், பாருங்கள்.

பெரம்பூர்க்காரி:
வெட்டிய முட்டையின் படத்தில் எதிலிருந்து எண்ணினீர்கள் என்று தெரியாது. பற்ற வைப்பதிலிருந்து உடைப்பது வரை வீடியோ எடுங்கள். கடிகாரமும் மூடியும் தெரிய வேண்டும்.

ராயபுரத்தான்:
நான் யாருக்கும் பரீட்சை எழுதப் போவதில்லை.

அம்பத்தூர் நாமக்கல்:
சரி, நான் தோசைக்கல் ஆஃப் பாயிலுக்குத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரம்பூர்க்காரி:
இன்று காலை நிலவரம். ஃபிரிட்ஜ் முட்டை மூன்று, கொதிக்கிற தண்ணீர், முட்டை உள்ளே போனதிலிருந்து ஆறு நிமிடம், ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம். ஒன்றுகூட விரியவில்லை. பையன் இரண்டு சாப்பிட்டான், மூன்றாவதை டிபன் பாக்ஸில் கேட்டான்.

ராயபுரத்தான்:
எங்கள் வீட்டிலும் இன்று முட்டைதான். ஆறு நிமிடம், அடுப்பைப் பற்ற வைத்ததிலிருந்து. மூன்று பேர் சாப்பிட்டோம்.

பெரம்பூர்க்காரி:
மூடி வைத்த இரண்டு நிமிடத்தையும் எழுதுங்கள்.