ஏசியைப் போட்ட கணமே முன்விசிறி சுழல வேண்டுமா?

பழைய இரும்பு
தேக்கா மைந்தன் நேற்று இங்கே வழங்கிய அருள்வாக்கைப் படித்தபின் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. 1993இல் பதிவான மெர்சிடிஸ் டபிள்யூ124 வைத்திருக்கும் ஒருவர், நெரிசலில் நிற்கும்போது ஏசிக் காற்று வெதுவெதுப்பாகிறது, வெப்பமானி முள்ளும் 100ஐத் தாண்டுகிறது என்று கேட்டிருந்தார். அதற்குக் கிடைத்த பதில்: “ஏசிப் பொத்தானை அழுத்திய கணமே முன்விசிறி சுழல வேண்டும், சுழலாவிட்டால் மோட்டார் செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.” அந்தக் காரில் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சினோடு சேர்ந்து சுழல்வதுதான் முதன்மை விசிறி. ஏசி வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்கு முன்னால் இருக்கும் மின்விசிறிகள் துணைக்கு வந்தவை. ஏசி வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 20 பாரைத் தொட்டால் மெதுவாகச் சுழலும், 15 பார் அளவுக்கு இறங்கினால் நின்றுவிடும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் 105 டிகிரி அளவை எட்டினால் முழு வேகத்தில் சுழலும். பொத்தானைக் கேட்டு அவை நடப்பதில்லை.

தேக்கா மைந்தன்
நான் பத்து ஆண்டுகளாக அதே வகைக் காரை ஓட்டுகிறேன், புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அல்ல. ஈசூனில் திறந்தவெளிக் கார்ப்பேட்டையில், பகல் ஒரு மணிக்கு ஏசியைப் போட்டால் விசிறி சுழல்கிறது. சத்தம் காதில் கேட்கிறது. சிங்கப்பூர் வெயிலில் உங்கள் 20 பார் வருவதற்கு எத்தனை நொடி ஆகும் என்று பெரியவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். ஏசியைப் போட்டால் சுழல வேண்டும், அவ்வளவுதான்.

பழைய இரும்பு
வெயிலில் காய்ந்த காரில் அழுத்தம் சீக்கிரம் ஏறும் என்பதை நானா மறுத்தேன்? ஆர்134ஏ வாயு 20 பாரில் இருக்கிறதென்றால், கண்டென்சருக்குள் அது 70 டிகிரிக்கு அருகில் திரவமாகிறது என்று பொருள். நண்பகல் வெயிலில் அசையாமல் நிற்கும் காருக்கு அது பெரிய காரியமல்ல. ஆனால் சென்ற வாரம் மழை விட்ட ஒரு காலையில், என் புளோக்கின் பலமாடிக் கார்ப்பேட்டை மூன்றாம் தளத்தில், 15 நிமிடம் ஏசியை ஓடவிட்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் 13ஐத் தாண்டவில்லை, விசிறியும் அசையவில்லை. உங்கள் விதிப்படி நான் அன்றைக்கே இரண்டு மோட்டார்களை விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். ‘கணமே’ என்று எழுதினீர்களா, இல்லையா?

ஜூரோங் ஜெட்
மூன்றாம் தளத்தில் காலையில் 15 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் அக்கம்பக்கத்தார் சும்மாவா இருந்தார்கள்? எதற்கு இவ்வளவு தொல்லை? எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு ஓட்டிப் போனால் பாதி விலையில் இரண்டு விசிறிகளையும் மாற்றித் தந்துவிடுவார்கள். எல்லையில் விட வேண்டுமே, முக்கால் தொட்டிப் பெட்ரோல் மட்டும் இருக்கட்டும்.

பழைய இரும்பு
நெரிசலில் சூடேறுகிற காரை ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்து வரிசையில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிற அறிவுரைக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

ஜூரோங் ஜெட்
எழுதிவிட்டீர்களே.

தேக்கா மைந்தன்
அவர் எல்லாருக்கும் பதில் எழுதுவார். சென்ற ஆண்டு, எஞ்சின் சூடேறும்வரை கூலண்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லி ஒருவருடைய எஞ்சினைக் குளிரில் நடுங்க வைத்தவர் இவர்தான் என்பதை நான் மறக்கவில்லை.

பழைய இரும்பு
கழற்றி வெந்நீரில் போட்டு, 87 டிகிரி வாக்கில் திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், எறியச் சொல்லவில்லை. ‘கழற்றி’ என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. ‘கணமே’ பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

கறுப்பு 124
கேட்டவன் நான்தான், ஐயா. ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்களும் மோட்டார்கள் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மூன்றாம் முறையாக சிஓஇ என்னும் கார் உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, சாலை வரிக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் செலுத்துகிறேன். ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன்: போன மாதம் நெரிசலில் முள் 105 பக்கம் போனபோது, முன்னால் விமானம் கிளம்புவதுபோல் ஓர் இரைச்சல் கேட்டு, சிறிது நேரத்தில் அடங்கியது.

பழைய இரும்பு
தம்பி, அந்த இரைச்சல்தான் உங்கள் மோட்டார் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. முழு வேகம் வருகிறது, மெதுவான வேகம் வரவில்லை. மெதுவான வேகத்துக்குப் போகும் மின்சாரம் மட்டும் அதைக் குறைத்து அனுப்பும் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாகப் போகிறது. முப்பது ஆண்டு சூட்டில் அது அறுந்துபோவது இந்தக் கார்களில் புதிதல்ல. முதலில் பியூசைப் பாருங்கள். பழைய தோட்டா வடிவப் பியூசின் முனைகளில் களிம்பு ஏறியிருந்தால் விரலால் உருட்டிவிட்டாலே சில நேரம் உயிர் வந்துவிடும். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, ஏசி வாயுவின் அழுத்தம் ஏறினால் விசிறியை இயக்கும் அழுத்த சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அந்த இணைப்பின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேருங்கள். விசிறி மெதுவாகச் சுழல வேண்டும். கையை விசிறிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்பாது. சுழலாவிட்டால் மல்டிமீட்டரை ரெசிஸ்டரின் இரு முனையிலும் வைத்து, அது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேக்கா மைந்தன்
‘விசிறி மெதுவாகச் சுழல வேண்டும்’ என்று அவரே எழுதிவிட்டார். இதைத்தானே நான் நேற்று சொன்னேன்?

பழைய இரும்பு
கம்பியால் இணைத்தால் சுழல வேண்டும் என்றேன். பொத்தானை அழுத்தினால் என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடு புரியாதவர் கையில் கம்பியைக் கொடுக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

கறுப்பு 124
இன்று மாலை பார்த்தேன். பியூஸ் நன்றாக இருக்கிறது. கம்பியால் இணைத்தும் சுழலவில்லை. பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தேன், இரண்டு மோட்டார்களும் பாய்ந்து சுழன்றன. ரெசிஸ்டரைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானின் நடுவே மயிரிழை போல ஒரு கீறல். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. இதை மட்டும் மாற்றினால் போதுமா?

தேக்கா மைந்தன்
ஆக, ஏசியைப் போட்டும் விசிறி சுழலாததால்தான் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. நான் சொன்ன அறிகுறி சரிதான் என்பது தெளிவாகிவிட்டது.

பழைய இரும்பு
மோட்டாரை மாற்றச் சொன்னீர்கள். மோட்டார் நன்றாக இருக்கிறது. இதிலே என்ன தெளிவாகிவிட்டது?

தேக்கா மைந்தன்
முப்பது வயது மோட்டார் இறுகி, அது கூடுதல் மின்சாரம் இழுத்ததால்தான் ரெசிஸ்டரே வெந்திருக்கும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய இரும்பு
ஆம்பியர் அளந்தீர்களா? அளந்திருந்தால் எண்ணை எழுதுங்கள். இல்லையென்றால் ‘கணமே’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

ஜூரோங் ஜெட்
ஜோகூரில் ரெசிஸ்டரும் கிடைக்கும்.

தேக்கா மைந்தன்
நாளை பகல் ஒரு மணிக்கு ஈசூனில் காணொளி எடுத்துப் போடுகிறேன். ஏசியைப் போடுவேன், சுழலும்.

பழைய இரும்பு
அழுத்தமானி தெரியும்படி எடுங்கள்.