வண்டியில் ஏறிய ஜூலி
குழு: பென்னாகரம் வீட்டார்

செல்வி அக்கா: நேற்றிரவு ‘ஜெசபெல்’ பார்த்தேன். 1938ஆம் ஆண்டுப் படம், வில்லியம் வைலர் இயக்கியது. பெட் டேவிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ஜூலி வேடம். கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கதிர் சிரிக்கிறான்.

கதிர்: சிரிக்காமல் என்ன செய்வது? படம் முழுக்க எல்லாரையும் ஆட்டிவைத்தவள் கடைசிப் பத்து நிமிடத்தில் தியாகி ஆகிவிட்டாள். இவள் மூட்டிவிட்ட சண்டையில், இவளை விரும்பிய பக் சுடப்பட்டுச் செத்தானே, அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

பெரியப்பா: படம் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறோம்.

செல்வி அக்கா: சொல்கிறேன் பெரியப்பா. 1852, நியூ ஆர்லியன்ஸ் நகரம். மணமாகாத பெண்கள் வெள்ளை உடுத்திப் போகும் நடன விழாவுக்கு ஜூலி வீம்புக்கென்றே சிவப்பு உடுத்திப் போகிறாள். நிச்சயித்த மாப்பிள்ளை பிரஸ்டன் உறவை முறித்துக்கொண்டு வடக்கே போய்விடுகிறான். திரும்பி வரும்போது கூடவே மனைவி ஏமி. அப்போது மஞ்சள் காய்ச்சல் பரவி அவனையும் பிடிக்கிறது. நோயாளிகளைத் தீவில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஏமிதான் கூடப் போக வேண்டியவள். ஜூலி படிக்கட்டில் அவளிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கித் தானே வண்டியில் ஏறிவிடுகிறாள்.

கதிர்: ஒன்றை விட்டுவிட்டீர்கள் அக்கா. அவன் திரும்பி வந்தபோது இவள் வெள்ளை உடுத்தி, அவன் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். மனைவி இருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த மன்னிப்பெல்லாம் எங்கே போயிற்று? இரண்டாவது கெஞ்சலை மட்டும் எப்படி நம்புவது?

தங்கராசு மாமா: நாளை பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்ற வண்டி வருமா, வராதா?

செல்வி அக்கா: காலை நான்கு மணிக்கு வந்துவிடும் மாமா.

பெரியப்பா: நம் தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். சாவை நீக்கும் கனி என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டே கொடுத்தான் என்று புறநானூறு சொல்கிறது. இந்தப் பெண்ணோ படியில் நின்று அவ்வளவு பேசியிருக்கிறாள்.

செல்வி அக்கா: அதியமான் கையில் கனி இருந்தது பெரியப்பா, நீட்டினால் போதும். இவள் கேட்பது இன்னொருத்தியின் உரிமையை. பேசாமல் எப்படி வாங்குவாள்?

மாலதி சித்தி: இப்போதுதான் பணி முடிந்து வந்தேன். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு. நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான். அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் குழு அதை உறுதிசெய்தது 1900இல். 1852இல் காற்றில் வருகிறது, தொட்டால் ஒட்டுகிறது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே சாவதற்குத் துணிந்துதான் ஜூலி ஏறினாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வார்டில் நான் பார்ப்பது வேறு. வாசலில் மாரடித்து அழுகிறவர் ஒருவராக இருப்பார். வாந்திக்குக் கிண்ணம் ஏந்தி, துணியை அலசிப் போட்டு, விடியும்வரை ஈரத்துணியால் நெற்றியைத் துடைக்கிறவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். படம் வண்டியோடு நின்றுவிடுகிறது. தீவில் அவள் கிண்ணம் ஏந்தினாளா என்பதைக் காட்டவே இல்லை.

நான் அவளை நம்புவதற்குக் காரணம் வேறு. அவர் இன்னும் உன்னை விரும்புகிறாரா என்று ஏமி கேட்கிறாள். இல்லை, உன்னைத்தான் என்கிறாள் ஜூலி. தீவுக்குப் போனாலும் அவன் தனக்கில்லை என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போகிறாள்.

கதிர்: அப்படிச் சொன்னால்தானே சித்தி ஏமி சம்மதிப்பாள்? அந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றும் வாதாடுகிறாள். அதுவும் சாமர்த்தியம்தான். கடைசியில் அவன் யார் மடியில் கிடக்கிறான் என்று பாருங்கள்.

மாலதி சித்தி: ஆசை இருக்கிறதுதான், நான் இல்லை என்றேனா? ஆசை துளியும் இல்லாதவர் காய்ச்சல்காரன் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்காரமாட்டார், கதிர். பழைய ஜூலி அனுமதி கேட்கிற ஆளா? நடனத்துக்குச் சிவப்பு உடுத்த யாரைக் கேட்டாள்?

செல்வி அக்கா: படத்தின் பெயருக்குரிய, பைபிளில் வரும் யேசபேல் சாகும் நாளிலும் கண்ணுக்கு மையிட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றவள். ஜூலி அவளைத் தாண்டி வந்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதிர்: பக் திரும்பி வரமாட்டான் அக்கா. அவன் பெயரை அந்தப் படியில் ஒருமுறையாவது சொன்னாளா?

செல்வி அக்கா: அது சரிதான்.

பெரியம்மா: ஏமியைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. கட்டிய மனைவி வீட்டில் நிற்கிறாள், நிச்சயம் முறிந்தவள் புருஷனோடு போகிறாள். அவன் பிழைத்து வந்தால் யாரோடு இருப்பான்?

கதிர்: அதையும் படத்தில் சொல்லவில்லை பெரியம்மா.

பெரியம்மா: நானாக இருந்தால் தனியாக அனுப்பியிருக்கமாட்டேன். ஊர்ப் பேச்சு தெரிந்தவள் என்றால் அவளும் வரட்டும், நானும் போவேன். அந்த வண்டியில் இன்னொருத்திக்கு இடமா இல்லை?